0000-00-00: ஒரு சங்கப் பதிவேட்டின் வெற்றுத் தேதிகளை இடம் மாற்றியபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல தோட்டங்களுக்குப் பொதுவாக இயங்கும் மரண சகாய நிதிச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.5 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தேன். பெயர், முகவரி, சந்தாத் தொகை எல்லாம் சிக்கலின்றி நகர்ந்தன. தேதிகள் மட்டும் அடம் பிடித்தன. அவற்றிலும் எழுதப்பட்ட தேதிகளால் தொல்லை இல்லை. எழுதப்படாமல் விடப்பட்டவைதான் வேலையின் பெரும்பகுதியை விழுங்கின. இதே வேலையை எடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

சங்கத்தின் வேலை எளியது. குடும்பங்கள் மாதாமாதம் சில வெள்ளி (ரிங்கிட்) சந்தா கட்டுகின்றன. வீட்டில் ஒருவர் இறந்தால் ஈமச்செலவுக்கான பணம் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்திலும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும் பல குடும்பங்கள் லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. ஆனாலும் சந்தாவை விடவில்லை. அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் ஆறு தேதிகள்: பிறந்த தேதி, சங்கத்தில் சேர்ந்த தேதி, கடைசியாகச் சந்தா கட்டிய தேதி, விலகிய தேதி, இறந்த தேதி, சகாயத் தொகை வழங்கிய தேதி. இவற்றில் பாதி, நலமாக வாழும் ஓர் உறுப்பினருக்கு இயல்பாகவே வெறுமையாக இருக்க வேண்டியவை.

தரவு கடந்துவந்த பாதையை முதலில் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் கனமான அட்டை போட்ட பேரேடு. பிறகு ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய ஒரு சிறு நிரல். அதற்குப் பிறகு யாரோ ஒருவர் பிஎச்பி மொழியில் எழுதிய இணையப் பக்கங்களும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அமைத்துக் கொடுத்திருந்தார். ஃபாக்ஸ்ப்ரோ கோப்பில் ஒரு தேதி எட்டு எழுத்துகளாக, ஆண்டு நான்கு, மாதம் இரண்டு, நாள் இரண்டு என்று சேமிக்கப்படும். வெற்றுத் தேதி என்பது எட்டு இடைவெளிகள். அந்த எட்டு இடைவெளிகள் மைஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்தபோது 0000-00-00 ஆகிவிட்டன. செல்லாத மதிப்புகளை மறுக்கும் ‘கண்டிப்பு முறை’ இயங்காத பழைய பதிப்புகளில் அது வெறும் எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளப்படும். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறையே இயல்பு நிலை. 0000-00-00 என்ற சுழியத் தேதியை அது மறுக்கிறது. எனவே நாங்கள் மைஎஸ்கியூஎல்லிலேயே தங்கி, புதிய பதிப்புக்கு மட்டும் போயிருந்தாலும் இந்தப் பிரச்சினையிலிருந்து தப்பியிருக்க முடியாது. சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு ஏற்கெனவே போஸ்ட்கிரெஸில் இருந்ததால் இதையும் அங்கே கொண்டுசெல்ல முடிவானது.

போஸ்ட்கிரெஸ் 0000-00-00 என்பதைத் தேதி என்றே ஒப்புக்கொள்ளாது. சுழியம் என்ற ஆண்டு அதற்கு இல்லை. சுழியம் என்ற மாதமும் நாளும் இல்லை. வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையைக் கொடுத்தால் தேதிக்குரிய வடிவம் இல்லை என்று நிறுத்திவிடும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தேகத்தை வாசலிலேயே நிறுத்தி நம்மை யோசிக்க வைக்கிறது.

யோசிக்காமல் கடந்துவிடவும் வழி உண்டு. பிஜிலோடர் என்ற கருவி மைஎஸ்கியூஎல்லிலிருந்து நேரடியாகத் தரவை இழுத்து, சுழியத் தேதிகளைத் தானாகவே ‘நல்’ (null, மதிப்பு ஏதும் இல்லை என்ற குறி) ஆக்கிக் கொடுக்கும். நல்ல கருவி, பல இடங்களில் அது போதும். இங்கே அதை நான் பயன்படுத்தவில்லை. எல்லாச் சுழியமும் ‘நல்’ ஆகிவிட்ட பிறகு, எந்தச் சுழியம் எதனால் வந்தது என்று கேட்கவே வழியிருக்காது. மாற்றும் வேளையில்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

அதனால் முதலில் போஸ்ட்கிரெஸில் ஓர் இடைநிலை அட்டவணை அமைத்தேன். அதில் எல்லா நெடுவரிசைகளும் வெறும் எழுத்து வகை. தேதி வகை ஒன்றுகூட இல்லை. மைஎஸ்கியூஎல் என்ன வைத்திருந்ததோ அதை எழுத்துக்கு எழுத்து அங்கே இறக்கினேன். காற்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிலிருந்து தரவை ஏற்றும் போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை, அந்த வடிவத்தில், மேற்கோள் குறி இல்லாத வெற்றிடத்தை ‘நல்’ என்று எடுத்துக்கொள்ளும். இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றும் இல்லாமல் வந்தால் அதை வெற்றுச் சரம் என்று எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேதி நெடுவரிசையில் நேரடியாக ஏற்றினால் முதலாவது உள்ளே போகும், இரண்டாவது முழுக் கோப்பையும் நிறுத்தும். எழுத்து வகையில் இறக்கியதால் இரண்டும் தனித்தனியே உயிரோடு வந்து சேர்ந்தன.

அடுத்து, ஒவ்வொரு தேதி நெடுவரிசையையும் மதிப்பு வாரியாகத் தொகுத்து, அதிகம் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை மேலே கொண்டுவந்து பார்த்தேன். இந்த ஒரு வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எந்த மாற்றத்திலும் தவிர்க்கக் கூடாது. போலித் தேதிகள் கூட்டம் கூட்டமாகத்தான் வரும். உண்மையான தேதிகள் பரவிக் கிடக்கும்.

எதிர்பார்த்தபடி 0000-00-00 முதலிடம். அடுத்து 1970-01-01. பல கணினிகள் நொடிகளை எண்ணத் தொடங்கும் சுழியப் புள்ளி அது, உலகப் பொது நேரப்படி அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு. பிஎச்பி பக்கத்தில் தேதிப் பெட்டியை வெறுமையாக விட்டால், நிரல் அந்த வெறுமையைச் சுழியமாக்கி, சுழியத்தை 1970 ஜனவரி 1 ஆக்கி எழுதியிருக்கிறது. நேரமும் சேர்த்துச் சேமித்த ஒரு நெடுவரிசையில் இது காலை 7.30 என்று பதிவாகியிருந்தது. அந்த ஏழரை மணிதான் தடயம். மலேசியத் தீபகற்பத்தின் நேரம் 1981 முடியும் வரை உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி முந்தியிருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. ஆகவே சுழியப் புள்ளியை நம் ஊர் நேரத்தில் எழுதினால் 7.30 என்று வரும். எந்த மனிதரும் புத்தாண்டு நாளில் ஏழரை மணிக்குத் திரண்டு வந்து சந்தா கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பிறந்த தேதி நெடுவரிசையில் 1970-01-01 என்று இருந்தவற்றை மொத்தமாக அழிக்கவில்லை. அன்று பிறந்தவர்களும் உலகத்தில் உண்டு. இங்கே அடையாள அட்டை எண் கைகொடுத்தது. பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள். எண் 700101 என்று தொடங்கினால் அந்தத் தேதி மெய். வேறு விதமாகத் தொடங்கினால் அது பிஎச்பி போட்ட தேதி. அட்டை எண் இருந்து பிறந்த தேதி இல்லாதவர்களுக்கும் அதிலிருந்தே தேதியை வருவித்தேன். எந்த நூற்றாண்டு என்பதைச் சங்கத்தில் சேர்ந்த ஆண்டை வைத்துத் தீர்மானிக்க முடிந்தது. அப்படி வருவித்ததை ‘அட்டையிலிருந்து’ என்று தனி நெடுவரிசையில் குறித்துவைத்தேன். பேரேட்டில் எழுதியிருந்த தேதிக்கும், நாம் கணக்கிட்டு நிரப்பிய தேதிக்கும் உள்ள வேறுபாடு அழியக் கூடாது.

சில நூறு பதிவுகளில் 1958-00-00 என்பது போன்ற தேதிகள் இருந்தன. மாதமும் நாளும் சுழியம், ஆண்டு மட்டும் உண்டு. பழைய மைஎஸ்கியூஎல் இதையும் ஏற்கும். இவற்றைப் பார்த்ததும் பிழை என்று தள்ளிவிடத் தோன்றும். அவை பிழையே அல்ல. தோட்டத்தில் பிறந்த பல முதியவர்களுக்கு ஆண்டு மட்டும்தான் உறுதியாகத் தெரியும். கேட்டு எழுதியவர் தெரிந்ததை மட்டும் நேர்மையாக எழுதியிருக்கிறார். இவற்றை ஜனவரி 1 ஆக மாற்றுவது எளிது. அப்படிச் செய்த நொடியில் தெரியாதது தெரிந்ததாகிவிடும். பிறகு அந்த நாளை வைத்து யாராவது வயது கணக்கிடுவார்கள். நான் பிறந்த ஆண்டுக்குத் தனி எண் நெடுவரிசை வைத்தேன். முழுத் தேதி தெரிந்தால் இரண்டும் நிரம்பும். தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் நிரம்பும், தேதி ‘நல்’ ஆக இருக்கும்.

இனி 0000-00-00. இதற்காகச் சங்கத்தின் பேரேட்டை நெடுங்காலம் எழுதிவந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் போனேன். இறந்த தேதி நெடுவரிசையை அச்சிட்டுக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேரேட்டைத் திறந்து காட்டினார்.

“தம்பி, இறந்த தேதிக் கட்டத்தில் நான் மூன்று விதமாக எழுதுவேன். ஆள் இருந்தால் கட்டம் வெறுமை. இறந்த தேதி தெரிந்தால் தேதி. இறந்தது தெரியும், நாள் தெரியாது என்றால் குறுக்கே ஒரு கோடு.”

“கோட்டை ஃபாக்ஸ்ப்ரோவில் எப்படிப் பதிந்தீர்கள், ஐயா?”

“தேதிக் கட்டம் கோட்டை ஏற்காது. வெறுமையாகத்தான் விட்டோம்.”

அந்தப் பதிலில்தான் வேலையின் முழு எடையும் தெரிந்தது. உயிரோடு இருப்பவரும், இறந்து நாள் தெரியாதவரும் அன்றே ஒன்றாகிவிட்டார்கள். எட்டு இடைவெளிகள் 0000-00-00 ஆனபோது அந்தக் கலப்பு அப்படியே தொடர்ந்தது. மூன்றாவதாக இன்னொரு கூட்டமும் அதே சுழியத்தில் சேர்ந்திருந்தது. ஜூன் 31, பிப்ரவரி 30 போன்று தட்டச்சில் தவறிய தேதிகளைக் கண்டிப்பு முறை இல்லாத மைஎஸ்கியூஎல் ஓசையின்றிச் சுழியமாக்கிவிடும். தட்டியவர் தேதியைப் பதிந்துவிட்டதாக நம்பியிருப்பார். உள்ளே எதுவும் இருக்காது. இவற்றைத் தரவுத்தளத்திலிருந்து மீட்க வழியே இல்லை, பேரேடுதான் கதி.

நிரலைக் கொண்டு பிரிக்கக்கூடியவற்றை முதலில் பிரித்தேன். சகாயத் தொகை வழங்கிய தேதி இருந்து, இறந்த தேதி சுழியமாக இருந்தால் அந்தக் குடும்பத்தில் மரணம் நடந்தது உறுதி. இறந்த தேதி சுழியமாக இருந்து, சந்தா இன்னமும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் ஆள் இருக்கிறார். ஆனால் மகனோ மகளோ தாயின் பெயரிலேயே கட்டிவருவதும் உண்டு, ஆகவே இதை உறுதி என்று வைக்கவில்லை. மீதிப் பட்டியலைப் பேரேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம். கிராணி ஐயா பக்கம் புரட்டிப் பெயர் சொல்வார், நான் குறிப்பேன். சில பெயர்களுக்குக் கட்டத்தைப் பார்க்கவே தேவைப்படவில்லை. எந்த டிவிஷன், எந்த லயம், எந்தக் காலத்துப் பால்வெட்டு என்று அவருக்கு நினைவிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய அமைப்பில், சகாயம் வாங்கி முடித்த வீடுகளுக்கும் நிலுவைச் சந்தா கேட்டுக் கடிதம் போயிருக்கிறது, இறந்தவர் பெயரிலேயே. அதைக் கையில் வாங்கிய பிள்ளைகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அதை நிறுத்துவதற்கு இந்த உழைப்பு அதிகமே இல்லை.

புதிய அட்டவணையில் இறந்த தேதியை மட்டும் நம்பி எதையும் விடவில்லை. ‘நிலை’ என்று தனி நெடுவரிசை: உறுப்பினர், விலகியவர், இறந்தவர், விசாரிக்க வேண்டியவர். அதோடு ஒரு கட்டுப்பாடு: நிலை உறுப்பினர் என்றால் இறந்த தேதி ‘நல்’ ஆகவே இருக்க வேண்டும்; இறந்தவர் என்றால் தேதியோ, ‘நாள் தெரியாது’ என்ற குறிப்போ இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கட்டுப்பாடு எழுதும்போது எச்சரிக்கை தேவை. இறந்த தேதி சேர்ந்த தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால், இரண்டில் ஒன்று ‘நல்’ என்றாலும் போஸ்ட்கிரெஸ் அதை அனுமதித்துவிடும். பொய் என்று தெரிந்தால்தான் கட்டுப்பாடு தடுக்கும். தெரியாதது என்றால் விட்டுவிடும். அதனால் ‘நல்’ ஆக இருக்கலாமா கூடாதா என்பதைத் தனியாகவே எழுத வேண்டியிருந்தது.

போஸ்ட்கிரெஸில் ‘முடிவிலி’ என்று ஒரு தேதியும் உண்டு. இன்னும் விலகாதவருக்கு விலகிய தேதியாக அதைப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஒப்பீடுகள் அழகாக அமையும் என்பது உண்மை. ஆனால் சங்கத்தின் மாத அறிக்கையைப் பைத்தான் நிரல் தயாரிக்கிறது. பைத்தானின் தேதி வகை 9999ஆம் ஆண்டோடு நின்றுவிடும், முடிவிலியை அது அறியாது. வேண்டாம் என்று விட்டேன்.

தரவு உள்ளே போன பிறகு பலர் வேலை முடிந்ததாக எண்ணுவார்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான். பழைய நிரல் முழுவதும் சுழியத் தேதியை நம்பி எழுதப்பட்டது. இறந்த தேதி 0000-00-00க்குச் சமம் என்று எழுதிய இடங்கள் போஸ்ட்கிரெஸில் பிழை காட்டி நிற்கும். அவற்றைத் தேடித் திருத்துவது எளிது. பிழை காட்டாமல் விடை மாறும் இடங்கள்தான் கொடியவை.

கடைசியாகச் சந்தா கட்டிய தேதி ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் என்றால் நிலுவைப் பட்டியலில் வர வேண்டும். 0000-00-00 எல்லாத் தேதிகளுக்கும் முந்தியது. எனவே சேர்ந்த பிறகு ஒருமுறைகூடக் கட்டாதவர் பழைய பட்டியலில் தவறாமல் வந்தார். புதிய தரவுத்தளத்தில் அவருடைய தேதி ‘நல்’. ஒப்பிட்டால் விடை மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை; ஆகவே அவர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். ‘அல்லது நல்’ என்று வெளிப்படையாகச் சேர்த்தால்தான் திரும்ப வருவார்.

நிலுவைப் பட்டியலையாவது அடுத்த மாதம் சரிசெய்யலாம். இன்னொன்று அப்படியல்ல. சேர்ந்து ஆறு மாதம் முடிந்தவருக்கே சகாயம் என்பது சங்கத்தின் விதி. பழைய நிரல், சேர்ந்த தேதி ஆறு மாதத்துக்கு முந்தியதா என்று பார்த்து, ஆம் என்றால் தகுதி, இல்லாவிட்டால் தகுதியில்லை என்று எழுதும். சேர்ந்த தேதி தொலைந்துபோனவர்கள் யார்? பேரேட்டின் முதல் பக்கங்களில் இருந்தவர்கள்; கறையான் அரித்த தாள்களில் பெயர் மட்டும் மிஞ்சியவர்கள்; சங்கத்தைத் தொடங்கியவர்கள். பழைய அமைப்பில் அவர்களுடைய சுழியத் தேதி எந்த நாளுக்கும் முந்தியது என்பதால் தகுதி கிடைத்துவந்தது. ‘நல்’ ஆன பின், அதே வினவல் அவர்களை ‘இல்லாவிட்டால்’ என்ற கிளையில் தள்ளித் தகுதியில்லை என்று சொல்லும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சாவு வீட்டில் இருந்து ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

சோதனைத் தரவுத்தளத்தில் பழைய தகுதிப் பட்டியலையும் புதியதையும் பெயர் வாரியாக ஒப்பிட்டபோது இது வெளிப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டிருந்தால் வேறு மாற்றங்களோடு கலந்து கண்ணில் படாமல் போயிருக்கும். இப்போது அந்த வினவலில் மூன்று கிளைகள்: தகுதி, தகுதியில்லை, செயற்குழு முடிவு. சேர்ந்த தேதி தெரியாதவர்களின் பெயர்களைச் செயற்குழுவிடம் கொடுத்தேன். அவர்கள் அனைவரும் தகுதியுள்ளவர்களே என்று குழு தீர்மானம் எழுதிக் கொடுத்தது. அந்தத் தீர்மானத்தைக் குறிக்கும் நெடுவரிசையும் இப்போது உண்டு. தேதி இன்னமும் ‘நல்’ தான். தகுதி தேதியால் வரவில்லை, தீர்மானத்தால் வருகிறது.

மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு பழக்கமும் தேடலைச் சிக்கலாக்கியது. ‘நல்’ கூடாது என்று அறிவித்த தேதி நெடுவரிசையில், ‘நல்’ ஆக இருப்பவற்றைக் காட்டு என்று கேட்டால் 0000-00-00 பதிவுகளைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆவணத்திலேயே சொல்லப்பட்ட நடத்தை இது. ஆகவே பழைய நிரலில் சில பக்கங்கள் ‘நல்’ என்று கேட்டன, சில சுழியம் என்று கேட்டன. இரண்டும் ஒரே விடை பெற்றன. மூல அட்டவணையில் உண்மையில் எது இருக்கிறது என்று அறிய, தேதியை எழுத்தாக மாற்றிப் பார்ப்பதே நம்பத்தக்கது.

வரிசைப்படுத்தலும் மாறியது. ஏறுவரிசையில் சுழியத் தேதி முதலில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் ‘நல்’ மதிப்பை எல்லாவற்றிலும் பெரியதாகக் கருதி ஏறுவரிசையில் கடைசியில் வைக்கும். வெற்றிடங்களை முதலில் வை என்று வினவலிலேயே சொல்லலாம், சொல்லிவிட்டேன். எக்செல் அறிக்கையில் வேறொன்று: வெற்றுக் கட்டத்தைச் சுட்டும் சூத்திரம் சுழியம் தரும், அதைத் தேதி வடிவில் காட்டினால் 1900 ஜனவரி 0 என்று நிற்கும். அறிக்கைத் தாளில் வெறுமை என்றால் வெறுமையாகவே காட்டும்படி சூத்திரங்களை மாற்றினேன்.

புதிய பதிவுப் படிவத்தில் எந்தத் தேதியையும் வெறுமையாக விடலாம். ஆனால் விட்டால் பக்கத்தில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: இன்னும் நடக்கவில்லை, நடந்தது ஆனால் நாள் தெரியாது, கேட்கவில்லை. மூன்றே தெரிவுகள், அலுவலகத்தில் உட்காரும் பெண்மணி ஒரே நாளில் பழகிக்கொண்டார். பிறந்த தேதிக்கு ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்ற பெட்டியும் இருக்கிறது. தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற நம் ஊர் வரிசையில் தட்டலாம். தரவுத்தளத்துக்கு ஆண்டு, மாதம், நாள் என்றே போகும்.

விசாரிக்க வேண்டியவர் என்ற நிலையில் இன்னும் கொஞ்சம் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் தோட்டத்தை விட்டுப் போன பிறகு தொடர்பு அறுந்தவர்கள். தோட்டவாரியாகப் பிரித்துப் பட்டியல் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். கோவில் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் சொந்தக்காரர்களிடம் செயற்குழுவினர் கேட்டு எழுதுவார்கள். அதுவரை இந்தப் பெயர்களுக்கு நிலுவைக் கடிதம் போகாதபடி நிரலில் தடுத்துவைத்திருக்கிறேன். பழைய மைஎஸ்கியூஎல் பிரதியும், இடைநிலை அட்டவணையும் வாசிக்க மட்டும் முடிகிறபடி அப்படியே இருக்கின்றன. அடுத்ததாகச் சார்ந்தோர் அட்டவணையை எடுக்க வேண்டும். அதில் குழந்தைகளின் பிறந்த தேதிகள் இருக்கின்றன, அங்கேயும் 1970-01-01 கூட்டம் தெரிகிறது.